கரையேறிய படகின் கோடை

ஒரு பொருளைப் பயன்படுத்தும் காலமே வாழ்வு என்றும், அதைப் பழுது பார்க்கும் காலம் வாழ்விலிருந்து கழிக்க வேண்டிய இழப்பு என்றும் கணக்கிடும் வழக்கம் இன்று ஏறத்தாழ எல்லாத் துறைகளிலும் வேரூன்றிவிட்டது. வண்டி பட்டறையில் நிற்கும் நாள் வீண்நாள் எனப்படுகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வாரம் தொல்லை எனப்படுகிறது. நோயிலிருந்து உடல் தேறும் மாதங்கூட வருமானக் குறைவாகவே குறிக்கப்படுகிறது. இந்தக் கணக்கு சரிதானா என்று ஆராய விரும்புவோர்க்கு மரப்படகைப் போலப் பொருத்தமான சான்று வேறொன்று கிடைப்பது அரிது. பழைய முறையில் கட்டப்பட்ட மரப்படகு தன் ஆயுளில் கணிசமான பகுதியைக் கரையிலேயே கழிக்கிறது. கரையில் கழிக்கும் அந்தக் காலம் இல்லாவிட்டால் கடலில் அதற்கு ஆயுளே இல்லை.

கொல்லிமலையின் மேல், செம்மேட்டைப் போன்ற ஓர் ஊரிலிருந்து கடற்படகைப் பற்றிச் சிந்திப்பது முதற்பார்வைக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய அவ்வூரின் அருகே, வாசலூர்பட்டியில், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு சிறு படகுத்துறை உண்டே தவிர, பாய்மரத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆயினும் எந்த மரக்கலமும் தொடங்குவது நிலத்தில்தான், பெரும்பாலும் மலைக்காட்டில்தான். கொல்லிமலைக்குப் புகழ் தரும் பலா, கேரளத்திலும் இலங்கையிலும் படகுப் பலகையாகப் பயன்படும் மரம். மிளகுக்கொடி படரவிடப்படும் முருக்கு, கட்டுமரத்துக்கு ஏற்ற மென்மரங்களுள் ஒன்று. மரம் வளர்ந்த இடத்தின் ஈரமும் வெயிலும் அதன் நரம்போட்டத்தில் பதிந்திருப்பதால், படகு கட்டும் தச்சராகிய ஓடாவி பலகையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு மரத்தின் வரலாற்றைப் படிக்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதற்குத் தடை உள்ளது. மீன்வளம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட இத்தடை, படகுகளைப் பொறுத்தவரை வேறொரு பயனையும் தருகிறது: கோடை முழுவதும் அவை கரையேறுகின்றன. இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அந்த இரண்டு மாதங்களில் கடற்கரை ஒரு பெரிய பட்டறையாகிவிடுகிறது. அடிப்பகுதியில் ஒட்டிய பாசியும் ஓட்டுயிரிகளும் சுரண்டி எடுக்கப்படுகின்றன. உளுத்த பலகை கழற்றப்பட்டு மாற்றுப் பலகை பொருத்தப்படுகிறது. இயந்திரம் பிரித்துப் போடப்படுகிறது. கடலுக்குப் போகாத மீனவர் அந்நாள்களில் சும்மா இருப்பதாக வெளியூரார் எண்ணுகின்றனர். உண்மையில் ஆண்டின் மிக நுணுக்கமான வேலை அப்போதுதான் நடைபெறுகிறது.

அவ்வேலைகளுள் தலையாயது கலப்பத்து எனப்படும். பலகைக்கும் பலகைக்கும் இடைப்பட்ட இடுக்கில் பஞ்சைத் திணித்து நீர் புகாதபடி அடைப்பதே கலப்பத்து. பழைய பஞ்சை உளியால் நோண்டி எடுத்துவிட்டு, புதுப்பஞ்சைத் திரியாகத் திரித்து, முனை மழுங்கிய உளியை அதன்மேல் வைத்து, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவர். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய குழம்பைப் பூசுவர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயலின் கடினம் அளவில் இருக்கிறது. பஞ்சு தளர்ந்தால் நீர் ஏறும். பஞ்சு இறுகினாலோ, படகு நீரில் இறங்கி மரம் ஊறி உப்பும்போது பலகைக்கு விரிய இடமின்றிப் போய், அது வங்கு எனப்படும் விலாச்சட்டத்திலிருந்து ஆணியோடு பிய்ந்துகொண்டு வரும். கோடை வெயிலில் சுருங்கி நிற்கும் மரத்தைக் கையால் தொடும்போதே, இரண்டு மாதங்களுக்குப் பின் நீரில் அது எவ்வளவு விரியும் என்பதைக் கணித்து, அந்த விரிவுக்கு இடம்விட்டு அடைக்க வேண்டும். ஆகவே கலப்பத்துக்காரர் அடைப்பது இன்றுள்ள இடுக்கை அல்ல, இனி உருவாகப்போகும் இடுக்கையே ஆகும். இந்தக் கணிப்பை எந்த அளவுகோலும் தருவதில்லை. உளியின் வழியே கைக்குத் திரும்பி வரும் அதிர்வும், தட்டும் ஓசையில் ஏற்படும் மாற்றமும்தான் தருகின்றன.

கரையில் நிறுத்துவது படகுக்கு நன்மையும் தீமையும் ஒருங்கே செய்கிறது. கப்பற்புழு என்று பெயர் பெற்றிருந்தாலும் உண்மையில் சிப்பியினத்தைச் சேர்ந்த ஓர் உயிரி, உவர்நீரில் ஊறிய மரத்தைத் துளைத்து உள்ளே வாழ்கிறது. வெளியே ஊசிமுனையளவு துளைதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். மரம் காயும்போது அது மடிந்துபோகிறது. ஆனால் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மரமே வெடிக்கிறது. அதனால்தான் கரையேற்றிய வள்ளத்தின்மேல் கீற்று வேய்வதும், பலகைமேல் அவ்வப்போது நீர் தெளிப்பதும் வழக்கமாயின. காய வேண்டும், ஆனால் முற்றக் காயக்கூடாது. இந்த நடுநிலையைக் காக்க யாரேனும் ஒருவர் நாள்தோறும் வந்து பார்த்தாக வேண்டும். பராமரிப்பு என்பதன் முதற்பொருள் அந்த வருகைதான் என்று கொள்வதில் தவறில்லை.

இதனினும் வியப்புக்குரியது கட்டுமரம். இழைத்து வடிவாக்கிய மென்மரத் தடிகளைக் கயிற்றால் பிணைத்த இக்கலம், கடலிலிருந்து திரும்பியதும் பல இடங்களில் கட்டவிழ்க்கப்பட்டது. நீர் குடித்த தடிகள் கனத்துவிடும் என்பதால் அவற்றைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காயவைத்து, மறுமுறை கடலுக்குப் போகும்போது மீண்டும் பிணைத்தனர். அதாவது ஒவ்வொரு நாளும் அது படகாக இருப்பதை விட்டு மரமாகியது. ஒவ்வொரு நாளும் மீண்டும் படகாக்கப்பட்டது. சென்னைக் கரையில் அலை முறியும் இடத்தைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகும் இவ்வகை எண்ணத்திலேயே பிறந்தது. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட அதன் பலகைகள் அலையின் அடியை எதிர்க்காமல் வளைந்து கொடுத்தன; விறைப்பாகக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் உடைந்தன. அந்த நெகிழ்ச்சிக்கு விலையாக, கயிறு நைந்து போகும்போதெல்லாம் முழுப்படகையும் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. நிலைத்து நிற்பதை மட்டும் உறுதி என்று கருதும் மனத்துக்கு இவை குறைபாடுகளாகப் படும். பிரிக்கவும் மீண்டும் சேர்க்கவும் இயலுவதையே உறுதியாகக் கொண்ட ஒரு பட்டறிவு இக்கரையில் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது என்பதே சரியான மதிப்பீடு.

கரையில் பழுது பார்த்தலையும் கடலில் ஓட்டுதலையும் இருவேறு காலங்களாகப் பிரிப்பதுகூடப் பாய்க்கலத்துக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. வடக்கிலிருந்து வீசும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், மேற்கிலிருந்து வரும் கச்சான், யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றழைக்கும் தென்திசைக் காற்று ஆகிய ஒவ்வொன்றும் கலத்தின் ஒவ்வொரு பகுதியைச் சோதிக்கிறது. காற்று மாறும்போது பாயின் கயிற்றைத் தளர்த்தவோ இழுக்கவோ வேண்டும். கீழ்த்தளத்தில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிழிந்த பாயை ஓடும் கலத்திலேயே தைக்க வேண்டும். அணியம் எனப்படும் முன்புறம் முதல் அமரம் எனப்படும் பின்புறம் வரை, கலத்தைச் செலுத்துவது முழுவதும் இடைவிடாத கவனிப்பாகவே இருக்கிறது. தண்டையல் என்று அழைக்கப்படும் தலைமை மாலுமியின் திறமை, புயலை எதிர்த்து நிற்பதைவிட, கலம் தரும் சிறு முனகலை முன்கூட்டியே கேட்பதில்தான் அதிகம் விளங்கியது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உள்ளூர் ஓடாவிகளால் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் பயணம் இங்கு நினைவுகூரத்தக்கது. 1928 முதல் 1931 வரை ஒரு சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கப்பலை விலைக்கு வாங்கினார். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று புதுப்பெயர் பெற்ற அது, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தமிழர் கடலோடிய திறத்துக்குச் சான்றாக இப்பயணம் பெருமையுடன் பேசப்படுவது முற்றிலும் தகும். ஆனால் பேசப்படுவது எப்போதும் சென்றடைந்த நாளாகவே இருக்கிறது. புறப்படுவதற்கு முன் அதன் இடுக்குகளில் பஞ்சு இறக்கிய கைகளும், மூன்று கடல்களில் நீர் இறைத்த கைகளும் அந்தப் பெருமைக்குள் சேர்க்கப்படுவதில்லை. நீண்ட பயணம் என்பது ஆயிரக்கணக்கான சிறு பழுதுகள் பெரும் பழுதாக வளராமல் தடுக்கப்பட்டதன் விளைவு. தடுக்கப்பட்ட பழுதுக்கு வரலாற்றில் பெயர் இல்லை. கவனிப்பின் பெருஞ்சிக்கல் இதுதான்: அது வெற்றி பெறும்போது எதுவும் நிகழ்வதில்லை, எதுவும் நிகழாததை யாரும் பாராட்டுவதில்லை. நோய் வராமல் குடும்பத்தைக் காத்தவர், ஏரிக்கரை உடையாமல் மண்ணிட்டவர் எனப் பலர் இந்த வகையில் அடங்குவர்.

கண்ணாடியிழைப் படகுகள் 1980களிலிருந்து இக்கரையில் பரவத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக அவை பெருமளவில் வழங்கப்பட்டபோது, பல ஊர்களில் கட்டுமரம் காட்சியிலிருந்தே மறைந்தது. இதனை வீழ்ச்சி என்று கூறிவிடுவது அநீதியாகும். கண்ணாடியிழைப் படகு புழுவுக்கு இரையாவதில்லை, ஊறிக் கனப்பதில்லை, அதில் செல்பவர் இடுப்புவரை நனைந்தபடி தடிமேல் மண்டியிட்டுத் துடுப்புப் போட வேண்டியதில்லை. கட்டுமரத்தின் அழகைக் கரையில் நின்று போற்றுவோர், அதன்மேல் தங்கள் பிள்ளைகளை அனுப்பியதில்லை என்பதை மறக்கலாகாது. மீனவர் மரத்தை விட்டது உழைப்புக்கு அஞ்சி அல்ல. உழைப்பைக் குறைக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. எனினும் அந்த மாற்றத்தோடு ஒன்று போயிற்று. மரப்படகு தன் குறையை உடையவரிடம் தானே சொல்லும்: கசிவால், நிறமாற்றத்தால், தட்டினால் எழும் மந்தமான ஓசையால். அதைக் கேட்கப் பழகிய காது தந்தையிடமிருந்து மகனுக்குக் கோடைதோறும் கைமாறியது. கேட்க ஒன்றும் இல்லாத கோடையில் கைமாற ஒன்றும் இருப்பதில்லை.

செம்மேட்டுச் சுற்றுப்புறம் இதற்கு இணையான ஓர் இழப்பையும் மீட்பையும் கண்டிருக்கிறது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை விளைவித்த கொல்லிமலை நிலங்களில், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளி பரவியபோது, சிறுதானியப் பரப்பு சுருங்கியது. மரவள்ளியும் கண்ணாடியிழைப் படகைப் போலவே நியாயமான காரணங்களால் வந்தது: உழைப்பு குறைவு, கையில் பணம். ஆனால் சிறுதானிய விதை பெட்டியில் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். விதைத்து, அறுத்து, மீண்டும் விதைத்தால்தான் அது அம்மலையில் விதையாக நீடிக்கும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் மேற்கொண்ட பணி, விதையைக் குளிர்பதன அறையில் சேமிப்பதோடு நிற்காமல், அதை உழவரின் வயலிலும் அடுக்களையிலும் வாழவைப்பதில் கவனம் செலுத்தியது. தானியத்தைக் குத்திப் புடைக்கும் பெண்களின் உடல் நோவைக் குறைக்க அரைவை இயந்திரங்களை அங்கே கொண்டுவந்ததும் அப்பணியின் ஒரு பகுதியே. பழையதைக் காப்பவர் அதன் சுமையைச் சுமப்போரிடமிருந்து எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவும் இறக்கிய பிறகே அதைக் காக்குமாறு கேட்கத் தகுதி பெறுகிறார் என்பதை அந்த இயந்திரங்கள் நன்கு உணர்த்துகின்றன.

மரக்கலத்தைப் பொறுத்தவரை அத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. 1980 நவம்பரில் ஓமானிலிருந்து புறப்பட்டு 1981இல் சீனத்தின் கேன்டனை அடைந்த சோஹார் என்னும் தையற்கப்பலுக்கு மலபார் மரமும் இலட்சத்தீவுக் கைவினைஞரும் தேவைப்பட்டனர்; டிம் செவரின் என்னும் பயண எழுத்தாளர் வழிநடத்திய அம்முயற்சி, தைக்கத் தெரிந்த கை எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடிக் கண்டது. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட கௌண்டின்யா என்னும் பாய்க்கப்பல், அஜந்தா ஓவியமொன்றில் காணப்படும் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, பாபு சங்கரன் என்னும் தலைமைத் தச்சரின் கீழ்க் கேரளக் கைவினைஞரால் தைக்கப்பட்டது. இவை போற்றத்தக்க செயல்கள். ஆனாலும் ஒரு பெருங்கப்பலை ஒருமுறை கட்டிக் காட்டுவதற்குக் கிடைக்கும் பொருளுதவியும் புகழும், ஒரு சிறு வள்ளத்தை இருபது கோடைகள் பழுது பார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகள் இயந்திரம் பூட்டப்பட்ட பின்னும் மர உடலோடுதான் ஓடுகின்றன. அவற்றின் ஓடாவிகளும் கலப்பத்துக்காரர்களும் எந்த அருங்காட்சியகத்தின் உதவியுமின்றித் தங்கள் கூலியாலேயே அக்கலையைக் காத்து வருகின்றனர். ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தன் மாணவருள் சிலரை ஏப்ரல் பிற்பகுதியில் அத்துறைமுகத்துக்கு அனுப்பி, உதவித்தொகையோடு ஒரு கோடை முழுவதும் உளியையும் கொட்டாப்புளியையும் பிடிக்கவைக்குமானால், அவர்களுக்குக் கற்பிக்கும் ஓடாவிக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் வழங்குமானால், அதற்கு ஆகும் செலவு ஒரு காட்சிக் கப்பலின் பாய்க்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.