பால்மரக் காட்டுச் சப்பாத்து

தாஹான் மலைக்குப் போவதென்று முடிவானபோது கையில் இருந்தது முந்நூறு வெள்ளி. தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலை, 2187 மீட்டர். மெராப்போ வழியாகப் போனாலும் மூன்று நான்கு நாள் நடை. நல்ல பூட்ஸ் ஒன்றுக்கே அந்தக் காசு பத்தாது. முதுகுப்பையை பிரிக்பீல்ட்ஸ் நண்பனிடம் இரவல் வாங்கினேன். மழைக்குக் கறுப்புக் குப்பைப் பை. காலுக்கு, கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருபது வெள்ளிக்கும் குறைவாக ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்து.

மலையேறுகிறவர்கள் இதை 'அடிடாஸ் கம்போங்' என்பார்கள். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பட்டிக்காட்டு அடிடாஸ் என்கிற கிண்டல்தான். முழுக்க ரப்பர் என்பதால் தண்ணீரை உறிஞ்சாது. ஆற்றைக் கடந்ததும் கழற்றிக் கவிழ்த்தால் போதும். அடியில் இருக்கும் குமிழ்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உள்ளே மெத்தை கிடையாது, பாறையில் நடந்தால் குதிகால் பேசும்.

அம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். இதே சப்பாத்து. நெற்றியில் விளக்கு. இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறை என் ரிப்போர்ட் கார்டு வாங்க வெட்டுக் காட்டிலிருந்து அதே காலோடு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். சப்பாத்தில் காய்ந்த பால், வாடை வேறு. அவரை யாரென்றே தெரியாதவன் மாதிரி நின்றேன்.

இப்போது அதே சப்பாத்தைப் போட்டுப் படம் எடுத்துப் போடுகிறேன். "சிக்கனம்னா இதுதான் பிரதர்" என்கிறார்கள். பொருள் மாறவில்லை. அம்மாவின் காலில் வறுமையாக இருந்தது என் காலில் எப்படிக் கொள்கையானது?

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் பாதையின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தார். சாதாரணக் கேன்வாஸ் சப்பாத்து, கையால் தைத்த பை. குறைந்த சுமையோடு நடப்பவர்கள் இன்று அவரை முன்னோடி என்கிறார்கள். பதினொரு பிள்ளை பெற்று, புருஷனிடம் அடிபட்டு வாழ்ந்தவர் அவர். கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கும் நிஜமாகவே காசில்லை, வேஷம் போடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன். ஆனால் மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போட என்னால் முடியும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி போய்விடும். விலகிப்போக வழி இருப்பவனின் குறைவையும் வழி இல்லாதவரின் குறைவையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காக அறுநூறு வெள்ளி பூட்ஸ் வாங்கினால் நேர்மையாகிவிடுமா? அதுவும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா சப்பாத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"மலைக்கு ஏறுனா எவ்ளோ குடுப்பாங்க?"

"நாமதான்மா கட்டணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு சைஸ் பெருசா மாத்திட்டு வா. பந்து விளையாடுற நீட்டுக் காலுறை ரெண்டு போடு. அட்டை ஏறாது, தோலும் உரியாது" என்றார்.

கடை மூடுவதற்குள் போய் மாற்றிவிட்டு வந்தேன்.