வாள் இருக்க வேண்டிய இடம்

திண்டுக்கல் மலைக்கோட்டையை நோக்குந்தோறும், ஒரு நாட்டிற்கு வலிய படை எதற்கு என்னும் வினா நம்முள் எழுகின்றது. 1755-இல் மைசூரின் பவுஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலீ, பிரெஞ்சுக்காரர் துணையுடன் படைக்கலச் சாலை அமைத்தார். பாளையக்காரரை அடக்க வந்த படைதான் அது. ஆயினும், 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இந்தச் சீமைக்கே. ஹைதரின் உதவியோடு 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். வலிமையற்ற அரசரை நாடியிருந்தால் ஆறுதல் மொழி கிடைத்திருக்கும்!

அதே 1780-இல் அதே ஹைதரின் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் பாய்ந்தது. 1769-இல் செய்த உடன்படிக்கையைக் கும்பினியார் காக்கவில்லை என்பது அவர் வழக்கு, அது மெய்யுங்கூட. ஆனால் எரிந்தவையோ, அவ்வுடன்படிக்கையைக் கண்ணாலும் கண்டிராத உழவரின் ஊர்கள். ‘ளுல்மு’ என்னும் சொல்லுக்கு, ஒன்றை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல் என்று அறபு அகராதியார் பொருள் கூறுவர். அடைக்கலம் தந்தபோது வாள் தன் இடத்தில் இருந்தது. உழவன் கூரையில் தீயாய் விழுந்தபோது இடம் மாறிற்று.

கும்பினியாரும் தம் பண்டகசாலைகளைக் காக்கவென்றே படை வைக்கத் தொடங்கினர். 1790-இல் இக்கோட்டை அவர்கள் கைப்பட்டது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதும் அவர்களுடையதாயிற்று. கடலோரப் பண்டகசாலைக்கும் இம்மலைக்கும் எத்தனை காதத் தொலைவு!