80,000 கலம் நெல்லும் ஒரு போதகரின் வாக்கும்

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெல் இல்லை. மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1780-இல் கர்நாடகச் சீமைக்குள் படையோடு இறங்கியபின், காவிரிக்கரை ஊர்கள் ஒவ்வொன்றாகப் பாழாகிக்கொண்டிருந்தன. அப்படியும் நாட்டுப்புறத்தில் நெல் அடியோடு தீர்ந்துவிடவில்லை. ஏற்றிவர மாடுதான் கிடைக்கவில்லை. குடியானவர்களிடம் மாடு இருந்தது, ஆனால் கொடுக்க மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்கே பணம் கைக்கு வந்து சேராத அனுபவம் அவர்களுக்கு. அரண்மனை ஆட்கள் வந்து கேட்டாலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் வந்து கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இல்லை.

மன்னர் துளஜாவுக்கு நிலைமை புரிந்தது. தம் பேச்சும் தம் அதிகாரிகளின் பேச்சும் மக்களிடம் செல்லாக்காசாகிவிட்டதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மக்கள் நம்பக்கூடிய ஆள் ஒருவர்தான் ஊரில் மிச்சம். அவரோ ஒரு போதகர், ஜெர்மானியர். தமிழ்நாட்டுச் சபைகள் இன்றும் சுவார்ட்ஸ் ஐயர் என்று சொல்லும் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ்.

அவர் நாலா பக்கமும் ஆள் அனுப்பிக் கடிதம் கொடுத்தார். மாட்டுக்குரிய பணத்தைத் தம் கையாலேயே கொடுப்பதாக எழுதினார். வழியில் எதிரி பிடித்துக்கொண்டு போகிற மாட்டுக்கும் தாமே பொறுப்பு என்றார். ஓரிரண்டு நாளில் 1,000 மாடுகள் வந்துவிட்டன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது தஞ்சைக் கணக்கு. எத்தனை வாய்களுக்கு அது கஞ்சியாகியிருக்கும் என்பதைப் படிக்கிறவர்களே யோசித்துப் பார்க்கட்டும். சொன்னபடி பணத்தையும் கொடுத்து முடித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்தம் வரும் என்பதை முன்பே ஊகித்து, விலை மலிந்திருந்த நாளிலேயே அவர் நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். பஞ்சம் வந்தபோது பட்டினி கிடந்தவர்களுக்கு அது சோறானது. எகிப்தில் யோசேப்பு செய்ததும் இதே வேலைதான். ஏழு வருஷம் விளைச்சல், ஏழு வருஷம் பஞ்சம் என்று தேவன் காட்டியபின், அவன் ஜெபித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியம் கட்டினான்.

விசுவாசத்தையும் முன்யோசனையையும் இப்படி ஒரே நுகத்தில் பூட்டி உழுத மனிதர்கள் வேதம் நெடுகிலும் இருக்கிறார்கள். ஆனாலும் நம் சபைகளில் பல காலமாக ஒரு தப்பான எண்ணம் உலவுகிறது. கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவாம். முன்கூட்டித் திட்டமிடுவது மாம்சத்தின் வேலையாம். தென்மாவட்டச் சாலைகளில் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் இந்த எண்ணத்தின் விளைவு அடிக்கடி படும். நான்கு சுவர் எழும்பி, கூரை ஏறாமல் நிற்கும் ஆலயம். மேலே துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். சுவரின் வெடிப்பில் வேர்விட்ட அரசங்கன்று. கட்டியவர்களின் பக்தியில் குறை சொல்ல முடியாது. காதுத் தோட்டைக் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்ட தாய்மார்கள் அங்கே இருந்திருப்பார்கள். அஸ்திவாரம் தோண்டுமுன் உட்கார்ந்து செலவைக் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதுதான் குறை. கோபுரம் கட்டப் புறப்பட்டு முடிக்க முடியாமல் ஊரார் பரிகாசத்துக்கு ஆளானவனைப் பற்றி லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் பேசியவர் வேறு யாருமல்ல, இயேசுவே.

சீஷர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போது அவர் சொன்ன அறிவுரை எல்லோருக்கும் தெரியும்: பாம்பிடமிருந்து ஒரு குணம், புறாவிடமிருந்து ஒரு குணம். மத்தேயு 10:16-இல், பழைய தமிழ் வேதாகமத்தில், பாம்பின் குணத்தைச் சொல்ல ‘வினா’ என்ற சொல் வருகிறது. இன்றைய வாசகர் அங்கே தடுமாறுவார். வினா என்றால் கேள்வி என்றுதானே பள்ளியில் படித்தோம்? விவேகம் என்பதும் அந்தச் சொல்லுக்கு உண்டான பொருள்.

மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘ஃப்ரோனிமோஸ்’. அதன் தடம் பிடித்துப் போனால் சுவாரசியமான காட்சிகள் வருகின்றன. கன்மலையின்மேல் வீடு கட்டியவன் ஃப்ரோனிமோஸ். எஜமான் வரத் தாமதித்தாலும் வேலைக்காரருக்கு வேளாவேளைக்குப் படியளந்த ஊழியக்காரன் ஃப்ரோனிமோஸ். தீவட்டியோடு எண்ணெயும் எடுத்துப்போன ஐந்து கன்னிகைகளுக்கும் அதே பெயர். ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், ஏதேன் தோட்டத்துப் பாம்பையும் அதே சொல்தான் வருணிக்கிறது. தமிழில் அங்கே தந்திரம் என்று இருப்பதால் இந்தத் தொடர்பு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இயேசு பாம்பைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. ஏவாளை வீழ்த்தப் பயன்பட்ட அதே கூர்மையை, விஷத்தை எடுத்துவிட்டு, தம் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறார். புறாவை ஏன் பக்கத்திலேயே நிறுத்தினார் என்பதும் அப்போது விளங்கும். கபடின்மை சேராத கூர்மை மறுபடியும் ஏதேனுக்கே இட்டுப்போகும்.

இங்கே உவமைகளையும் கவனிக்க வேண்டும். வீடு, படியளப்பு, எண்ணெய். விவேகத்தைப் பற்றி இயேசு பேசும்போதெல்லாம் அடுப்படிக்கும் களஞ்சியத்துக்கும் பக்கத்திலேயே நிற்கிறார்.

நெகேமியாவின் கதை இந்த வகையில் ஒரு பாடப்புத்தகம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் சூசான் அரண்மனைக்கு வருகிறது. அவர் அழுகிறார், உபவாசிக்கிறார். ராஜாவிடம் வாய் திறப்பதோ நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஜெபம் மட்டும் நடக்கவில்லை என்பது ராஜா கேள்வி கேட்டவுடன் தெரிந்துவிடுகிறது. எத்தனை நாள் ஆகும் என்றால் காலத்தைச் சொல்கிறார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்கிறார். ராஜாவின் வனக்காவலன் பெயர் ஆசாப் என்பது வரை அறிந்துவைத்து, வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் மரம் கேட்கிறார். எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்ததும் மேடை போட்டுப் பேசவில்லை. மூன்று நாள் கழித்து, இரவில், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். தேவன் தம் மனதில் வைத்ததை அதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. தரிசனம் கிடைத்த மறுநாளே நோட்டீஸ் அடிக்கிற இந்தக் காலத்துக்கு அந்த இரவுப் பயணம் நிறையக் கற்றுத்தரும். 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது.

வீட்டு விஷயங்களிலும் இதே தப்பெண்ணம் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. சபையில் பழகிய ஒருவர் கடன் வாங்குகிறார், ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் வேண்டும். கேட்பவர் நம்ம சகோதரர் ஆயிற்றே, எப்படி மறுப்பது? காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமலே கையெழுத்து விழுகிறது. ஆறு மாதம் கழித்து வங்கியின் நோட்டீஸ் ஜாமீன் போட்டவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது, வீட்டுக்காரம்மாவுக்கு அப்போதுதான் சங்கதியே தெரியவருகிறது. இப்படி நொடித்துப்போன குடும்பங்கள் எந்த ஊர்ச் சபையிலும் இருக்கும். நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் பிணைப்பட்டவனிடம் பதறிப்போய்ப் பேசுகிறது: தூங்காதே, வேடன் கையில் சிக்கிய மான் துள்ளித் தப்புகிற மாதிரித் தப்பிக்கப் பார் என்கிறது. அன்புக்கு விரோதமாக அல்ல, அன்பு அழியாமல் இருக்கத்தான் இந்த எச்சரிக்கை. முடிந்த தொகையைத் தானமாகவே கொடுத்துவிட்டால் சகோதரன் சகோதரனாகவே இருப்பான்.

மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபிக்கச் சொல்கிறவர்கள் விஷயம் இதைவிடக் கொடியது. இன்சுலினை நிறுத்தச் சொல்வதும் வலிப்பு மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்வதும் விசுவாசம் அல்ல, உயிரோடு விளையாடுவது. ராஜாவாகிய எசேக்கியா மரணப் படுக்கையில் கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். தேவன் கேட்டு, 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் கிடைத்தாகிவிட்டது. அதன்பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். தேவனுடைய வாக்கும் வைத்தியமும் அங்கே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவில்லை. இந்த ஒரு சம்பவத்தைச் சரியாகப் படித்திருந்தால் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

மறுபடியும் தஞ்சைக்கு வருவோம். சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கை நம்பிக் குடியானவர்கள் மாட்டை அவிழ்த்தார்களே, அந்த நம்பிக்கை ஓரிரண்டு நாளில் முளைத்தது அல்ல. 1726-இல் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்தவர் அவர். ஹாலே நகரில் மாணவராக இருக்கும்போதே, அங்கே அச்சாகவிருந்த தமிழ் வேதாகமத்துக்காகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். 1750-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். பிறகு திருச்சி, 1778 முதல் தஞ்சை. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. 1780 வந்தபோது இந்த மண்ணில் அவருக்கு முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த முப்பது வருஷமும் மக்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சம்பவம் போதும். 1779-இல் சென்னை அரசாங்கம் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. போகலாமா வேண்டாமா என்று அவர் தயங்கினார். அரசியலில் ஒரு போதகருக்கு என்ன வேலை? ரத்தம் சிந்துவதைத் தடுக்க முடியுமானால் போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்து கிளம்பினார். ஹைதர் மரியாதையோடு வரவேற்றார், மனம்விட்டுப் பேசினார். விடைபெறும்போது வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொண்ட பையைக் கொடுத்தார். சென்னை திரும்பிய சுவார்ட்ஸ் அந்தப் பையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். தூதனாகப் போன இடத்தில் கிடைத்தது தூது அனுப்பியவருக்குச் சொந்தம் என்பது அவர் கணக்கு. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொன்னதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை மூலதனமாக்கிவிட்டார். அடுத்த வருஷம் யுத்தம் மூண்டபோது, இந்தப் போதகரை எங்கேயும் தடுக்காமல் போகவிட வேண்டும் என்று ஹைதர் தம் தளபதிகளுக்கு உத்தரவு போட்டிருந்தார். சமாதானத் தூது தோற்றுப்போனது, யுத்தத்தை நிறுத்த முடியவில்லை. ஆனால் எதிரியின் பாளயத்திலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. 1787-இல் மன்னர் துளஜா, தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியை அவர் கையில் ஒப்படைத்து, பாதுகாவலராக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். அதிகாரம் தானாக வீடு தேடி வந்த நேரம். சுவார்ட்ஸ் மறுத்தார். மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் பொறுப்பை விடுவதுதான் அரண்மனையில் சமாதானத்துக்கு வழி என்று ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனை பலிக்கவில்லை. தத்தெடுத்தது செல்லாது என்ற வாதம் எழுந்து, அமர்சிங்கே அரியணையில் அமர்ந்தார். சிறுவனுக்குப் படிப்பு இல்லை, கிட்டத்தட்டச் சிறைவாசம். நாம் சொன்னது சொன்னதுதான் என்று சுவார்ட்ஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதினார், வாதாடினார், பையனைத் தம் பொறுப்பில் எடுத்துப் படிக்க வைத்தார். 1793-இல் பாதுகாப்புக்காகச் சென்னைக்கே அழைத்துப்போனார். எடுத்த முடிவு தப்பு என்று தெரிந்தால் வெட்கப்படாமல் அதைத் திருத்துவதும் விவேகத்தின் பாகமே. சபைக் கமிட்டிகளில் இதைத்தான் அதிகம் காண முடியவில்லை.

வளர்ந்த சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை, கடைசிவரை தம் முன்னோரின் மார்க்கத்திலேயே இருந்தார். அதனால் இருவருக்கும் இடையே இருந்த பாசம் குறைந்துவிடவில்லை. தாம் வளர்த்த பிள்ளையிடம் தம் செல்வாக்கைக் காட்டி மதத்தைத் திணிக்கக் கூடாது என்ற தெளிவு ஐயருக்கு இருந்தது. பரத்திலிருந்து வரும் ஞானத்தின் அடையாளங்களை யாக்கோபு எழுதிய நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் வரிசையாகச் சொல்லும்போது, சுத்தத்துக்கு அடுத்ததாகச் சமாதானமும் சாந்தமும் வருகின்றன.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் காலமானார். சரபோஜிக்கு அரியணை கிடைத்தது அதே வருஷம் ஜூன் மாதத்தில். அந்த முடிசூட்டைப் பார்க்க ஐயர் இல்லை. மன்னரான சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிழவர் படுத்திருக்க, பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருக்கிறார் இளைய சரபோஜி. தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. அங்கேயுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் அந்தச் சிற்பம் இன்றும் சுவரில் பதிந்திருக்கிறது. தஞ்சைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை பார்த்து வாருங்கள். அந்த 80,000 கலம் நெல்லின் கதையையும் அவர்களுக்கு அங்கேயே சொல்லுங்கள்.