ஆரவாரம் அடங்கிய பின்

புதிய கணினி விளையாட்டு ஒன்று வெளிவரும்போது எழும் முழக்கம் அதன் தகுதிக்குச் சான்றாகாது. விளம்பரமும் புகழுரையும் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். அதன் பிறகும் அதனை ஆடுவது தகுமா? தகுமெனில், எந்த அளவுகோலால்? பொழுதுபோக்கைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், நம் காலத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்னும் அறவினாவே இது.

விளையாட்டு என்றாலே வீண் என ஒதுக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். புனித தாமஸ் அக்குவினாஸ் அவ்வாறு கருதவில்லை. களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவது போலக் களைத்த உள்ளத்திற்கு விளையாட்டு வேண்டும் என்கிறார் அவர். அளவறிந்து ஆடுவதை, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். ஆகவே, ஆடலாமா என்பதைவிட எதை ஆடுவது என்பதே சிந்திக்கத்தக்கது.

2023 ஜூலை 31 அன்று வெளிவந்த ‘வெண்பா’வை எடுத்துக்கொள்வோம். கனடாவின் டொராண்டோ நகரில் உருவான இவ்விளையாட்டு, 1988-இல் அந்நாட்டில் வாழத் தொடங்கும் வெண்பா, பாவலன் என்னும் தமிழ்த் தம்பதியரின் கதை. தாய்வழி வந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஆடுபவரே ஊகித்தறிய வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி தடையின்றி மேலேறும்படி எப்படி அடுக்குவது என்பதுதான் முதற்புதிர்! இங்கே எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, கடிகாரம் துரத்துவதில்லை. தவறினால் மீண்டும் முயலலாம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது.

விருதைவிடப் பெரிது அதன் உட்பொருள். மகன் கவின் தமிழ் பேசக் கூசுகிறான்; பெயரையும் சுருக்கிக்கொள்கிறான்; தாய் புட்டு அவிக்க, அவன் பீட்சா கேட்கிறான். வளர்ந்த பின் அதே குறிப்பேட்டைத் திறந்து, தட்டுத் தடுமாறி வாசித்துச் சமைக்க முயல்கிறான். இழந்தது பலகாரம் மட்டுமன்று என்பது அப்போதுதான் அவனுக்குப் புலப்படுகிறது.

இது கனடாவுக்கு மட்டும் உரிய கதையன்று. பொன்னேரி வழியே கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இரயிலில், சிப்காட் ஆலைகளுக்கு வேலை தேடி வந்தோரின் ஒடியாவும் இந்தியும் ஒலிக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் கடல் கடந்து வந்த மூதாட்டியரின் சொதியை, பேரப்பிள்ளைகள் கேட்டறிந்தாலன்றி, அது அவர்களோடு முடிந்துவிடும்.

திரையில் அவியும் இட்லிக்கு மணம் ஏது என்று கேட்கலாம். மெய்தான். ஆயினும், திரை தன் எல்லையை அறிந்திருப்பதே இவ்விளையாட்டின் சிறப்பு. ஓரிரு மணி நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. நாளையும் வா என்று அழைப்பதில்லை. நாள்தோறும் பரிசு காட்டி, முடிவே இல்லாதபடி அமைக்கப்படும் விளையாட்டுகளோ ஆடுபவரை விடுவிப்பதில்லை. ஓய்வு தரவேண்டியது அங்கே இன்னொரு வேலையாகிவிடுகிறது.

எனவே அளவுகோல் இதுதான்: விளையாட்டு முடிந்தபின் மனிதர் யாரிடம் திரும்புகிறார்? “அம்மா, இட்லித் தட்டை ஏன் மாற்றி மாற்றி அடுக்குகிறாய்?” என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அவ்விளையாட்டு தன் பணியைச் செய்துவிட்டது. விடை சொல்ல நாம் அடுக்களையில் இருக்கிறோமா, அல்லது நாமும் வேறொரு திரையின் முன் அமர்ந்திருக்கிறோமா என்பதே எஞ்சும் வினா.