கற்றதைக் கூட்டுவிப்பவர் யார்?

வேள்வி முடிந்துவிட்டது. தீ அணைந்து சாம்பலும் ஆறிவிட்டது. செய்தவர் வீடு திரும்பி, இன்னும் பல ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு இறக்கிறார். வேள்வியின் பயனாகச் சொல்லப்பட்ட சொர்க்கம் அதற்குப் பிறகுதான். அன்று செய்த செயல் இத்தனை காலம் எங்கே இருந்தது? வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்களைப் படுத்திய கேள்வி இது. 'அபூர்வம்' என்றொரு ஆற்றல் இருக்கிறது என்று அவர்கள் விடை சொன்னார்கள். செயல் முடிந்த பின்னும் அது அழியாமல் நிற்கும். காலம் வந்ததும் தானே பலன் தரும்.

சைவ சித்தாந்திகள் இதை ஏற்கவில்லை. வினை சடப்பொருள், தன்னைச் செய்தவர் யாரென்று அதற்குத் தெரியாது, ஆகவே அது தானாகத் தேடிப்போய்ச் சேராது என்றார்கள். அறிவுள்ள ஒருவன் அதை உரியவரிடம் கூட்டுவிக்க வேண்டும். சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் மெய்கண்டார், இருவினையால் உயிர்கள் போவதையும் வருவதையும் இறைவனின் ஆணையோடு பிணைத்துச் சொல்கிறார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மீமாம்சகர்களின் இரண்டு பிரிவுகளையும் தனித்தனியாக எடுத்து மறுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் இந்த வாதத்தைக் கேட்டு வந்தவன் நான். வேலை நாட்களில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் லேத்தும் மில்லிங்கும் சொல்லித் தருகிறேன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிய மாணவர்கள் பட்டறைக்குள் நுழையும்போது மெய்கண்டார் நினைவுக்கு வருகிறார். கற்ற கல்வியும் தானாக உரியவரைத் தேடிப் போவதில்லை.

இங்கே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் ஒரு மாணவர் விரும்பினால் 'கேரியர் சென்டர்' எனப்படும் தொழிற்பள்ளிக்குப் போகலாம். நாளில் ஒரு பகுதி ஆங்கிலம், கணக்கு, மறுபகுதி பட்டறை. வெல்டிங், மின்வேலை, வண்டி பழுதுபார்ப்பு, நோயாளி பராமரிப்பு, சமையல் என்று பல தொழில்கள். அப்படிக் கற்றதைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்க மாநிலச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அந்தத் தொழில்நுட்பப் பாடங்களை ஏற்கும்போது தேவையில்லாமல் மறுபடி படிக்க வைக்கக் கூடாது, கல்லூரிகள் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம். எந்தப் பள்ளிப் பாடம் எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடு என்று மாநில அளவில் ஆசிரியர்கள் கூடி வழிகாட்டிகள் எழுதியிருக்கிறார்கள். பாடம் முடிந்ததும் வெப்எக்ஸாம் என்ற கணினித் தேர்வு உண்டு. நிபந்தனைகளை நிறைவுசெய்தவர் கல்லூரியில் சேர்ந்ததும் சான்றைக் கொடுத்து கிரெடிட் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாடத்துக்குக் கட்டணமும் இல்லை, அந்த நேரமும் மிச்சம்.

சிக்கலெல்லாம் சான்றைக் கொண்டுவந்து கொடுப்பதில் இருக்கிறது. பதினேழு வயதில் படித்தது, பதினெட்டில் பள்ளியை விட்டு வந்தாயிற்று. கிரெடிட் உண்டு என்று பள்ளியில் ஒருமுறை சொல்லியிருப்பார்கள். அது காதில் விழுந்ததோ இல்லையோ. கல்லூரி அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இந்தப் பிள்ளைதான் என்றால், எதைக் கேட்பது என்று சொல்லித் தரவும் ஆள் இல்லை. கிரெடிட் கேட்பதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் வகுப்புக்கு ஒரு மாணவி வந்தார். கிராமப்புறத் தொழிற்பள்ளி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் இயந்திரத் தொழில் கற்று, பிறகு சில ஆண்டுகள் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்தவர். மைக்ரோமீட்டரைப் பிடிப்பது எப்படி என்று நான் காட்டிக்கொண்டிருந்த முதல் வாரத்திலேயே அவர் கையைப் பார்த்துவிட்டேன். கற்றுக்கொள்ளும் கை அளவுகோலை இறுக்கிப் பிடிக்கும். பழகிய கை அதைத் தொட்டதும் தளர்ந்து, திருகு நழுவும் ஓசைக்குக் காத்திருக்கும். இரும்புக் கம்பி ஒன்றைக் கொடுத்து, இரண்டு படியுள்ள ஒரு ஷாஃப்ட் கடைந்து முனையில் மரை போடச் சொன்னேன். பிழை ஒரு தௌவுக்குள் இருக்க வேண்டும். அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜாப் முடிந்து அளந்து பார்த்தால், நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவருடைய பள்ளிப் பாடத்துக்கான காலக்கெடு முடிந்திருந்தது. தெரிந்த பாடத்துக்கு அவர் பணம் கட்டியிருந்தார். துறைத் தலைவரிடம் பேசி, திறன் தேர்வு வழியாக ஒரு பாடத்துக்கு மட்டும் கிரெடிட் வாங்கித் தர முடிந்தது. இன்னொரு பாடத்தில் செமஸ்டர் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அவர் கற்றது இத்தனை நாளும் எங்கே இருந்தது? கையில் இருந்தது. ஏட்டில் இல்லை. அவர் எத்தனை மணி நேரம் எங்கே உட்கார்ந்தார் என்பதையே ஏடு கேட்கிறது.

இந்த மணிக்கணக்கின் பிறப்பும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1905ல் ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஒரு கோடி டாலர் கொடுத்தார். எது கல்லூரி என்று முடிவு செய்தால்தானே யாருக்கு ஓய்வூதியம் என்று சொல்ல முடியும்? மாணவரைச் சேர்க்குமுன் இத்தனை அலகு உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக் கேட்கிற இடமே கல்லூரி என்று அந்தப் பணத்தில் அமைந்த அறக்கட்டளை வரையறுத்தது. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் சுமார் 120 மணி நேரம். கார்னெகி அலகு என்று இன்றும் அதற்குப் பெயர். ஆசிரியரின் முதுமைக்குச் சோறு போட எழுந்த நல்ல எண்ணம், மாணவரின் அறிவை அளக்கும் கோலாக நின்றுவிட்டது. நாற்காலியில் கழிந்த நேரத்தை அது துல்லியமாகச் சொல்லும். மரை சரியாக விழுந்ததா என்று சொல்லாது.

அடுத்து 1917ல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வந்தது. விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தொழில் தனி, படிப்பு தனி என்று பிளவு விழுந்ததும் அந்தப் பணத்தோடுதான். தத்துவ அறிஞர் ஜான் டூயி இப்படிப் பிரிப்பதை அதற்கு முன்பே எதிர்த்து எழுதினார். மாணவரை ஏற்கெனவே இருக்கும் தொழிற்சாலைக்குப் பொருத்தமான ஆளாகத் திருத்துவது கல்வியாகாது என்பது அவர் கட்சி. அவர் சொன்னது எடுபடவில்லை. 1990ல் 'டெக் பிரெப்' என்ற பெயரில், பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டையும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டையும் ஒரே படிப்பாகத் தைக்க மத்தியச் சட்டம் பணம் ஒதுக்கியது. கிழித்ததைத் தைக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தையல் இன்னும் பாதியில் நிற்கிறது.

பிளவு பணத்தால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. கை அறிவதை அறிவென்று ஒப்புக்கொள்ளத் தத்துவமே தயங்கியிருக்கிறது. தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949ல் வெளிவந்த தம் நூலில், ஒன்றைப் பற்றி அறிவதும் ஒன்றைச் செய்ய அறிவதும் வேறு என்று பிரித்துக் காட்டி, செய்யும் அறிவுக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரத்தைத் தேடாதீர்கள் என்றார். என் அப்பா சிங்காநல்லூரில் டர்னர். டூல் உலோகத்தைக் கடிக்கும் சத்தத்தை வைத்தே முனை மழுங்கியதைச் சொல்லிவிடுவார். அந்த அறிவை எழுதித் தரச் சொன்னால் அவரால் முடியாது. எழுத முடியாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா? நம் ஊரில் கைத்தொழில் செய்தவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியவர்கள் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அதன் மிச்சத்தை இன்னும் நாம் சுமக்கிறோம்.

சேக்கிழார் அப்படி முடிவு செய்யவில்லை. கண்ணப்பர் புராணத்தில் எல்லோரும் கண்ணைப் பெயர்த்த இடத்தைப் பேசுவார்கள். என் மனம் சிவகோசரியாரிடம் போகிறது. அவர் தீயவர் அல்லர். ஆகமம் அறிந்தவர், நாள் தவறாமல் பூசை செய்பவர். திண்ணன் என்ற வேடர், பின்னாளில் கண்ணப்பர் ஆனவர், படைத்த இறைச்சியும் எலும்பும் திருமேனி அருகே கிடப்பதைக் கண்டு பதறி அழுகிறார், சுத்தம் செய்கிறார், மறுநாளும் அதே காட்சி. அவரிடம் இருக்கும் விதிகளின்படி அது அபசாரம்தான். இறைவன் கனவில் வந்து என்ன செய்கிறார்? திண்ணனின் அன்பை எடுத்துச் சொல்கிறார், அதோடு விடவில்லை. நாளை வந்து எனக்குப் பின்னால் மறைந்து நின்று பார் என்கிறார். ஏட்டை நம்பியவரைக் கூப்பிட்டு, செயல் நடக்கும் இடத்தில் நிறுத்திப் பார்க்க வைக்கிறார். பார்த்த பிறகே சிவகோசரியாருக்கு விளங்குகிறது. ஒருவர் முன்பு கற்றதை மதிப்பிட இதைவிட நேர்மையான முறையை நான் அறியேன்.

ஆறே நாளில் திண்ணனார் பெற்றுவிட்டார், ஆகவே காலமும் பயிற்சியும் வேண்டாம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. சேக்கிழார் அதற்கும் இடம் தரவில்லை. மலையேறும்போது திண்ணனாருக்குள் எழுந்த அன்பு முன்பு செய்த தவத்தின் திரட்சி என்று அவர் சொல்லிவிடுகிறார். பயிற்சி நடந்திருக்கிறது, வேறோர் இடத்தில், வேறொரு பிறவியில். விட்டகுறை தொட்டகுறை என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்பவரை முதல் படியில் கொண்டுபோய் நிறுத்துவது நியாயம் இல்லை.

என் சக ஆசிரியர் ஒருவர் இதை ஒப்புவதில்லை. அவர் சொல்வதில் சாரம் இருக்கிறது. பதினேழு வயதில் தேறியது இருபத்தொன்றில் கையில் இருக்கும் என்று என்ன உறுதி? எல்லாப் பள்ளியிலும் ஒரே தரமா? முதல் பாடத்தைத் தாண்டி வந்த பையன் இரண்டாம் பாடத்தில் விழுந்தால், சேதம் அவனுக்குத்தானே? மூன்றும் உண்மையான கேள்விகள். மூன்றாவதை நானே அனுபவித்திருக்கிறேன். பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். வரைபடத்திலும் பட்டறையிலும் எங்களை யாரும் தொட முடியாது. கணக்கில் மூச்சு முட்டியது. ஆனாலும் முதலாண்டில் உட்கார வைத்திருந்தால் கணக்கு வந்திருக்கும், ஓராண்டு வீட்டு வருமானம் போயிருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது கணக்குக்கு ஒரு மாலை வகுப்பு. குறை இருக்கும் இடத்தில் துணை கொடுப்பது ஒன்று. குறை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு நிறைவையும் சேர்த்து மறுப்பது வேறு. கைப்பழக்கம் போயிருக்குமோ என்றால் ஒரு ஜாப் கொடுத்துப் பாருங்கள். ஒரு பிற்பகல் போதும்.

சித்தாந்தியின் இறைவன் எல்லாம் அறிந்தவன். எந்த வினை யாருடையது என்று அவனுக்கு யாரும் சான்று காட்ட வேண்டியதில்லை. கல்லூரி அலுவலகம் எதையும் தானாக அறியாது. அதனாலேயே அதற்குக் கடமை கூடுகிறது. அறியாதவர் கேட்டுத்தான் அறிய வேண்டும். சேர வருகிற ஒவ்வொரு மாணவரிடமும் 'பள்ளியில் என்ன தொழில் கற்றாய்?' என்று கேட்கும் வரை, சட்டமும் வழிகாட்டியும் மீமாம்சகரின் அபூர்வம் போலத் தாமே பலன் தரும் என்ற நம்பிக்கையில் நாம் கைகட்டி இருக்கிறோம்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) கால்குலஸ் தேர்வு எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினால், அந்தக் கல்லூரி கிரெடிட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. விருந்தில் பெருமையாகச் சொல்கிறோம். 1955ல் காலேஜ் போர்டு அந்தத் தேர்வுகளை ஏற்று நடத்தத் தொடங்கியது முதல், பள்ளியில் கற்றது கல்லூரியில் செல்லும் என்பது நிலைபெற்ற ஏற்பாடு. தொழிற்பள்ளிப் பிள்ளை கேட்பதும் அதே ஏற்பாட்டைத்தான். ஆனால் மகன் கேரியர் சென்டருக்குப் போகிறேன் என்றால் நம் வீடுகளில் துக்க வீட்டு அமைதி வந்துவிடுகிறது. படிப்பு வராத பிள்ளை என்று அக்கம்பக்கம் பேசுமே என்ற பயம். நான் அந்தப் பட்டறைகளைப் பார்த்தவன். அங்கே முக்கோணவியல் கரும்பலகையில் நின்றுவிடாமல் இரும்பில் இறங்குகிறது.

பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஒரு நாள் நேரில் போய், அவர்கள் வேலை செய்வதை நின்று பாருங்கள். ஏற்கெனவே படித்து முடித்த பிள்ளை என்றால், பாடவாரியான சான்றையும் தேர்வு முடிவையும் பள்ளியிலிருந்து வாங்குங்கள். கல்லூரியில் முதல் செமஸ்டருக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, எந்தப் பாடத்துக்கு கிரெடிட் கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் துறை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். திறன் தேர்வு உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது, காலக்கெடு உண்டு.