வெள்ளையடித்த சுவர்

மளிகைக் கடைக்காரனுக்கு ஈரம் பிறவிப் பகை. அதிலும் கேமரன் மலையில் கடை வைத்திருப்பவனைக் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. காலையில் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் மூடுபனி கடைக்குள் நுழைந்து, சாமான் எதுவும் வாங்காமல் திரும்பிப் போகும். உப்பு கசியும், சீனி கட்டி தட்டும், அப்பளம் துவண்டு போகும். தேயிலை விளைகிற மலையிலேயே தேயிலையை இறுக மூடிய டின்னில் வைக்காவிட்டால் சில நாளில் மணம் போய்விடும். ஆகவே அரிசி மூட்டையின் அடியில் கையை விட்டுப் பார்ப்பது நமக்கு அன்றாடக் காரியம்.

மூட்டையின் அடியில் ஈரம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் நமக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நனைந்ததைத் தனியே எடுத்து வைப்போம்; கோழிக்குக் கேட்பவர்களுக்கு "இது நனைந்தது" என்று சொல்லியே கொடுப்போம். ஆனால் சுவரில் ஈரம் கண்டபோது மாத்திரம் நமக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தில் நாம் தவறினோம். அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் அன்றி வேறு கல்வி நமக்கில்லை. சொல்லில் குறையிருந்தால் வாசகர்கள் பொறுத்துக் கொள்வார்களாக.

திரிங்காப்பில் கடைவரிசைக்குப் பின்னால், ஓடையை ஒட்டி ஒரு வீட்டில் நாம் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் மேலே உள்ள காய்கறித் தோட்டங்களின் மண்ணையெல்லாம் கரைத்துக் கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. முழங்கால் அளவு ஏறி, இரவு முழுவதும் நின்று, விடிந்தபின் வடிந்தது. அன்று ஊரே வந்து உதவியது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற பேதமின்றி மண்வாரியோடு வந்து சேற்றை அள்ளினார்கள். வெள்ளத்தின்போது மனிதர்கள் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். சோதனையெல்லாம் வெள்ளம் வடிந்த பிறகுதான்.

பத்துப் பதினைந்து நாள் சென்றபின் வீட்டில் ஒரு வாடை. பிறகு அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். பிறகு கூரைப் பலகையில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். வீட்டில் நம்முடைய மகளுக்கு இரவெல்லாம் இருமல். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னோம். "நீங்கள் சன்னலைத் திறப்பதில்லை, அதிகம் சமைக்கிறீர்கள், துணியை உள்ளே காயப் போடுகிறீர்கள்" என்றார். கழுவினோம், மறுபடி வந்தது. ஒருநாள் கரண்டியால் சுவரைச் சுரண்டினோம். மேலே வெள்ளைச் சாயம். அதன் கீழே கறுப்பு. அதன் கீழே பச்சைச் சாயம். அதற்கும் கீழே கறுப்பு. நமக்கு முன் இருந்தவர்களின் சரித்திரம் முழுவதும் அந்தச் சுவரில் அடுக்கடுக்காக எழுதியிருந்தது.

ஓராண்டு கழித்து வேறு வீடு கிடைத்தது. இரண்டு மாத வாடகை 1,200 வெள்ளி முன்பணமாக அவரிடம் இருந்தது. வீட்டை வாங்கிய நிலையில் ஒப்படைத்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். நாம் என்ன செய்தோம்? ஒரு டின் வெள்ளைச் சாயம் வாங்கி, ஒரே மாலையில் சுவர் முழுவதும் பூசினோம். வீட்டுக்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். இருவருக்கும் தெரியும். இருவரும் பேசவில்லை.

நிற்க. மூன்று மாதம் சென்றிருக்கும். ஒரு வயதான அம்மாள் கடைக்கு வந்து ஒரு புட்டி குளோராக்ஸ் வாங்கினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். மகளோடும் பேரப்பிள்ளையோடும் புதிதாகக் குடிவந்திருப்பதாகச் சொன்னார். இரண்டாவது வாரமும் ஒரு புட்டி. மூன்றாவது முறை வந்தபோது, "என்னம்மா, இவ்வளவு?" என்று கேட்டோம். "செவுரெல்லாம் கருத்துப் போகுது நானா. பையனுக்கு மூச்சு இழுக்குது. நாங்கதான் துணிய உள்ளே காயப்போடுறோம், அதுதான் காரணம்னு வீட்டுக்காரர் சொல்றாரு" என்றார். எந்த வீடு என்று கேட்கவே நமக்கு அவசியமில்லை. புட்டியைக் கொடுத்துக் காசை வாங்கிப் பெட்டியில் போட்ட கை நம்முடைய கைதான். சுவருக்கு வெள்ளையடித்ததும் அதே கைதான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மனம் ஒரு நல்ல வக்கீல். அது நம் பக்கம் மூன்று நியாயங்களை எடுத்து வைத்தது. அவற்றை ஒவ்வொன்றாக வாசகர்கள் முன் வைக்கிறோம். இவை நமக்கு மாத்திரம் உரிய நியாயங்கள் அல்ல என்றே நினைக்கிறோம்.

முதல் நியாயம்: வெள்ளத்தை நாம் கொண்டு வரவில்லை, வீட்டை அந்த அம்மாளுக்கு வாடகைக்கு விட்டதும் நாமல்ல. பின் நமக்கென்ன குற்றம்?

இதற்கு மறுமொழி, வாணிபம் செய்யும் முஸ்லிம் எவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதைச் சிறுவயதில் ஓதிய நாம், அதன் நுட்பத்தை இந்த வயதில்தான் உணர்ந்தோம். மழை பெய்ததற்காக அந்த வியாபாரியை யாரும் குறை சொல்லவில்லை. தானியம் நனைந்ததும் அவர் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்தாரே, அது ஒன்றுதான் குற்றம். வெள்ளம் நம் செயலல்ல. வெள்ளைச் சாயம் நம் செயல்.

இரண்டாவது நியாயம்: நமக்கும் இதையேதான் ஒருவர் செய்தார், நாம் செய்தது அதற்கு ஈடு.

ஈடு என்றால், செய்தவருக்கு அன்றோ திருப்பிக் கொடுக்க வேண்டும்? நாம் கொடுத்ததோ ஒன்றும் அறியாத ஒரு கிழவிக்கு. நம் மலையின் தண்ணீரைப் பார்த்தால் இது விளங்கும். நம் பக்கத்துத் தெலோம் ஆற்றின் தண்ணீரைச் சுரங்க வழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பி, மின்சாரத்துக்காக ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறார்கள். சுல்தான் அபூபக்கர் அணை என்னும் அந்த அணை 1963 ஆம் ஆண்டு கட்டி முடிந்தது. மலையை வெட்டித் தோட்டம் போடுகிறவர்கள் அவிழ்த்துவிடும் மண், ஆற்றோடு போய் அந்தத் தேக்கத்தை ஆண்டாண்டாகத் தூர்த்துக் கொண்டு வந்திருக்கிறது. 2013 ஆம் ஆண்டு அக்டோபர் 23 அதிகாலையில், பெருமழையால் நிறைந்த அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மறு ஆண்டு நவம்பரிலும் அப்பகுதியில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டது. மேலே மண்ணை அவிழ்ப்பவர் கீழே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. "எனக்கு மேலே உள்ளவனும் இதைத்தானே செய்தான்" என்பது அவரவர் சமாதானம். நமக்கு ஒருவர் செய்த வஞ்சனை, இன்னொருவருக்கு நாம் செய்யும் வஞ்சனைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. ஆகுமென்றால், அந்தச் சுவரில் சாயமும் கறுப்பும் மாறிமாறி ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது நியாயம் சற்றுக் கடினமானது. உண்மையைச் சொல்லியிருந்தால் மாத்திரம் என்ன ஆகியிருக்கும்? கையில் பணமில்லாதவர்களுக்கு வேறு வீடு எது? எப்படியும் அவர் அங்கேதான் வந்திருப்பார்.

இதற்கு நம்மிடம் விடையில்லை. விடை அந்த அம்மாளிடமே கிடைத்தது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் நானா, வேறே எங்க போறது? ஆனா வாடகையைக் கொறைச்சுக் கேட்டிருப்பேன். பையனை அந்த ரூமுல படுக்க வெச்சிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "நாங்கதான் வீட்டைக் கெடுத்துட்டோம்னு மகளை நித்தம் ஏசிக்கிட்டு இருந்தேனே" என்றார்.

இந்தக் கடைசிச் சொல்தான் நம்மைச் சுட்டது. மறைத்தவன் ஈரத்தை மட்டும் மறைக்கவில்லை. பழியையும் இடம் மாற்றிவிட்டான். குற்றமற்றவள் தன்னைத்தானே குற்றவாளியாக எண்ணிக்கொண்டு மகளை ஏசியிருக்கிறாள். உண்மை அவருக்கு வேறு வீட்டைத் தந்திருக்காதுதான். ஆனால் பேரம் பேசும் உரிமையையும், பிள்ளையைக் காக்கும் வழியையும், மனநிம்மதியையும் தந்திருக்கும். ஏழைக்குத் தேர்ந்தெடுக்க அதிகமில்லை என்பதால் அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? தேர்வு குறைந்தவனுக்கு உண்மை அதிகம் தேவை.

இது நம் மலையில் மட்டும் உள்ள வழக்கமன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரில், சூடானிலிருந்து சென்ற பெற்றோரின் பிள்ளை அவாப் இசுஹாக், பூசணம் படிந்த வாடகை வீட்டில் மூச்சு நோய்க்கு ஆளாகி 2020 டிசம்பரில் இறந்தான். அவனுக்கு வயது இரண்டு. தகப்பனார் 2017 ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தார். அதன் மேல் சாயம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையே ஈரத்துக்குக் காரணம் என்றும் எண்ணிவிட்டார்கள். அது தவறான எண்ணம் என்று வீட்டை நிர்வகித்தவர்கள் பின்னால் ஒப்புக்கொண்டனர். பூசணமே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதன் விளைவாக 2023 இல் அந்தப் பிள்ளையின் பெயராலேயே சட்டம் வந்தது. குறித்த காலத்துக்குள் ஈரத்தை விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று அது சமூகக் குடியிருப்புகளின் உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் வருவதற்கு ஒரு பிள்ளை போக வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

அப்படியானால் செலவு யாருடையது? நாம் ஓதிய பிக்ஹு இதில் தெளிவாகவே இருக்கிறது. வாடகை என்பது வீட்டின் பயனுக்குக் கொடுக்கும் விலை. அந்தப் பயன் கெடும்படியான பழுதைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. குடியிருப்பவர் கையில் வீடு ஓர் அமானத். தம் அலட்சியத்தால் கெடுத்ததற்கு அவர் பொறுப்பு, வெள்ளத்துக்குப் பொறுப்பல்லர். மூசா நபியின் மார்க்கத்தாரிடம் உள்ள பழைய சட்டத்திலும், சுவரில் பூசணம் கண்டால் வீட்டுக்கு உடையவரே வந்து அறிவிக்க வேண்டும் என்றும், கெட்ட கல்லைப் பெயர்த்து, காரையைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. சாயம் பூசி மூடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி, அனுபவத்தில் கண்ட சிலவற்றையும் சொல்லி முடிப்போம். தண்ணீர் வடிந்த ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைப்பதே முதல் மருந்து. நனைந்த மெத்தை, கூரைப் பலகை, அட்டை முதலியவற்றைத் தேய்த்துப் பயனில்லை, எறிய வேண்டும். தரை ஓடு போன்ற கெட்டியான பரப்பை சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். குளோராக்ஸ் கறையின் நிறத்தைப் போக்குமே தவிர, ஈரம் ஊறிய சுவருக்குள் இறங்கி வேரை அழிக்காது. நாம் விற்கும் சரக்கைப் பற்றி நாமே இதைச் சொல்லுகிறோம். அதை வினிகரோடோ வேறு மருந்தோடோ கலந்தால் விஷ வாயு எழும், ஒருக்காலும் கலக்கலாகாது. சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளும் இழுப்பு நோயுள்ளவர்களும் அருகில் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் பூசணத்தைத் துடைப்பது, ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பதாகும்.

வீட்டுக்காரரிடம் அந்த அம்மாளோடு நாமும் போனோம். நமக்கு உரியதென்று வாங்கிய 1,200 வெள்ளியில் பாதியை முன்னால் வைத்து, நாம் செய்ததையும் சொன்னோம். அவர் முதலில் சினந்தார். பிறகு பேசாமல் இருந்தார். மறு மாதம் கூரைப் பலகை மாறியது. பின்பக்கத்துச் சாக்கடை திறந்தது. சுவரைக் கல் தெரியுமட்டும் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். பிள்ளை அறை மாறிப் படுக்கிறான்.

பூசணம் அறவே ஒழிந்ததா என்றால், இல்லை. மழைக்காலத்தில் வடக்கு மூலையில் இன்னும் தலை காட்டுகிறது. ஆனால் இப்போது அது எல்லோரும் அறிந்த பூசணம். வீட்டுக்காரருக்கும் தெரியும், குடியிருப்பவருக்கும் தெரியும், அடுத்து வருபவருக்கும் சொல்வார்கள். வாடகை வீட்டை விட்டுப் புறப்படும் சகோதரர்களை ஒன்று கேட்டுக் கொள்கிறோம். சாவியை ஒப்படைக்குமுன், அடுத்து வந்து அதே சுவரோரம் பாயை விரிக்கப் போகும் பிள்ளையை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அதன்பின் சாயம் வாங்க நம் கடைக்கு வாருங்கள். வேண்டாமென்றாலும் நமக்கு மகிழ்ச்சியே.