மூன்றாவது தட்டு

ஓர் இயந்திரம் தன்னைத்தானே அளந்துகொண்டால் அதில் எந்தப் பிழையும் தெரியாது. நான் இதைப் பல்கலைக்கழகத்தில் அறியவில்லை. அங்கே படித்த சொற்ப காலத்தில் சமதளம் என்பது எனக்கு ஒரு வரைவிலக்கணம் மட்டுமே. மில்பிடாஸில், ஒரு சிறு பட்டறையில், வியட்நாமிலிருந்து அகதியாக வந்த பெரியவர் ஒருவரிடம்தான் அறிந்தேன்.

பட்டறை, கிரேட் மால் என்ற பெரும் கடைத்தொகுதிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. 1955 முதல் 1983 வரை அந்தக் கட்டிடம் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை. 1994 இல் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள். நான் வேலை செய்யும் உணவகத்தில் தோசைக்கு மா அரைக்கும் கிரைண்டரின் அச்சு தேய்ந்துபோனபோது அதைக் கொண்டு பெரியவரிடம் போனேன். அவருடைய பழைய சாணை இயந்திரம் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது. மேசையைத் தூக்க ஆள் தேவைப்பட்டது. கடை பூட்டியிருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் போய்வரத் தொடங்கினேன்.

இரும்புத் துண்டுகளின் முகத்தை மட்டமாக்குவது அந்த இயந்திரத்தின் வேலை. மேலே சாணைக்கல் சுழலும். கீழே மேசை இடமும் வலமும் ஓடும். மேசையின் மேல் துண்டைப் பிடித்துவைக்க ஒரு காந்தப் பலகை. மேசை ஓடுவது வார்ப்பிரும்புத் தடங்களில், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். கல்லிலிருந்து பறக்கும் தூள் எண்ணெயோடு கலந்து தடத்துக்குள் இறங்கிவிடும். வேலை பெரும்பாலும் நடுவில் நடப்பதால் தடத்தின் நடுப்பகுதிதான் கூடத் தேயும். மற்றவற்றை மட்டமாக்கும் இயந்திரம் அந்த வேலையாலேயே தன் மட்டத்தை இழக்கிறது.

அதை வாங்கிய அன்று பெரியவர் காந்தப் பலகையின் மேல் நுண்மானியை ஓட்டிப் பார்த்தாராம். முள் அசையவில்லை. ஆனால் அதில் செய்த துண்டை எடுத்துக் கருங்கல் மேடையில் வைத்தபோது துண்டு ஆடியது. காரணம் எளிது. பலகையின் முகத்தையும் அதே இயந்திரத்தில் வைத்துத்தான் சாணை பிடித்திருந்தார்கள். பாதை வளைந்திருந்தால் பலகையும் அதே வளைவில் வெட்டுப்படும். பிறகு மானியும் அதே பாதையில்தான் ஓடும். வளைவை வளைவால் அளந்தால் பூச்சியம்தான் வரும்.

திருத்தும் முறை பழையது. தட்டையான உருக்குச் சட்டமொன்றில் பிரஷ்ய நீலத்தை மெல்லியதாகப் பூசித் தடத்தின் மேல் தேய்ப்பார். உயர்ந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்தப் புள்ளிகளைக் கையுளியால் சுரண்டி எடுப்பார். ஒரு சுரண்டலில் போவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகள். துடைத்து, மறுபடி நீலம் பூசி, மறுபடி தேய்த்து, மறுபடி சுரண்டல். ஊரில் அம்மி பொளிகிறவரைப் பார்த்திருக்கிறேன். அவர் வழுவழுப்பைச் சொரசொரப்பாக்கினார். இவர் செய்வது அதற்கு எதிர்மாறு என்று நினைத்தேன். அப்படியில்லை. சுரண்டிய சிறு பள்ளங்களில்தான் எண்ணெய் தங்கும் என்றார். கண்ணாடிபோல வழுக்கும் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துவிடுமாம்.

அந்தச் சட்டத்தையும் மேடையையும் மட்டமென்று சொன்னது யார் என்று கேட்டேன். அவர் சொன்னதைப் பிறகு தேடியும் வாசித்தேன். 1840 இல் ஜோசப் விட்வேர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கிளாஸ்கோவில், பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் இதை விளக்கியிருக்கிறார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டே போனால் கடைசியில் இடைவெளியின்றிப் பொருந்திவிடும். ஆனால் ஒன்று குழிந்தும், மற்றது அதே அளவு புடைத்தும் இருக்கலாம். எனவே மூன்றாவது தட்டு வேண்டும். புடைத்த இரண்டு தட்டுகள் குழிந்த ஒன்றோடு நன்றாகப் பொருந்தும். அவற்றையே முகத்துக்கு முகம் வைத்தால் பிழை வெளிப்படும். எந்தச் சோடியாக வைத்தாலும், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருந்தினால் மட்டுமே மூன்றும் மட்டம். இதில் எந்தத் தட்டும் நீதிபதி அல்ல. தொடங்கும்போது மூன்றும் பிழை. மூன்றும் சுரண்டப்பட வேண்டும்.

அப்படியானால், இருவர் சொல்வது பொருந்துகிறது என்பதை உண்மைக்கு அடையாளமாகக் கொள்ளலாமா? நேர் எதிரிகள் சொல்வதும் பொருந்தக்கூடும். 2009 இல் பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்று அரசாங்கம் சொன்னது. சனத்தை யாரும் மறிக்கவில்லை என்று மற்றத் தரப்பு சொன்னது. ஒரு பொய்யின் புடைப்பு மற்றதன் குழியில் சரியாக இருந்தது. 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு இரு தரப்பையும் பற்றி அறிக்கை எழுதியது. அரசாங்கம் அதை நிராகரித்தது. எங்களில் பலர் அதில் ஒரு பாதியை மட்டும் வாசித்தோம்.

பெரிய விசயங்களில் இப்படி எழுதுவது சுலபம். என் வீட்டு விசயத்தையும் எழுத வேண்டும்.

2009 ஜனவரி நடுப்பகுதியில் தர்மபுரத்திலிருந்து விசுவமடுவுக்கு இடம்பெயர்ந்தோம். பக்கத்து வளவு மாமாவின் உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரும் ஏறினார்கள். சித்தி வீட்டில் நின்ற அம்மம்மாவைக் கூட்டிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினா. மாமா பொறுக்கவில்லை, நெல் மூட்டைக்கு இடம் வைத்துக் கிழவியை விட்டுவிட்டுப் போனார், அம்மம்மாவை அதன் பிறகு யாரும் காணவில்லை. இதுதான் எங்கள் கதை. லண்டனில் இருக்கும் அண்ணாவும் நானும் பத்து வருடத்துக்கு மேல் தொலைபேசியில் இதையே கதைத்திருக்கிறோம். ஒரு சொல்லும் முரண்பட்டதில்லை. 2017 இல் மாமாவின் மகளுக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது அண்ணா இந்தக் கதையைச் சொன்னார். என்னிடமும் கேட்டார்கள். நானும் சொன்னேன். சம்பந்தம் குழம்பியது.

போன வருடம் வவுனியாவிலிருக்கும் அக்காவோடு கதைக்கும்போது பேச்சு அங்கே போனது.

"அது எங்கட நெல்லடா. ஏத்தினது அண்ணா. மாமா மூண்டு தரம் கோண் அடிச்சவர். நீ எங்கை நிண்டனி?"

நான் பதுங்குகுழிக்குள் இருந்தேன். சித்தி வீட்டுக்குப் போகும் வழியில் செல் விழத் தொடங்கியது. அருகிலிருந்த குழிக்குள் குதித்தவன் நெடுநேரம் வெளியே வரவில்லை. சித்தி வீட்டுக்குப் போகவேயில்லை. அன்று இரவு நடந்து விசுவமடு போய்ச் சேர்ந்தபோது, அம்மம்மா வர மறுத்துவிட்டா என்று சொன்னேன். பிறகு அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அண்ணாவுக்கு மறைக்க ஒரு மூட்டை, எனக்கு மறைக்க ஒரு குழி. இரண்டையும் மூடும் அளவில் மாமாவின் குற்றம் இருந்தது.

அக்காவே உண்மை என்றும் நான் எழுதவில்லை. அது தைப்பொங்கல் நாள் என்கிறா. அதற்கு அடுத்த நாள் என்பது எனக்கு நிச்சயம். "மாமா மூண்டு தரம் கோண் அடிக்கேக்கை நீங்கள் ஏன் இறங்கேல்லை, அக்கா?" என்று கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "பயமடா" என்றா.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இதைக் கிளறுவதால் யாருக்கு நன்மை என்று சிலர் கேட்கலாம். அம்மம்மா வரப்போவதில்லை. அந்தக் கதை எங்களிருவருக்கும் ஆறுதலாக இருந்ததும் மெய். ஆனால் அந்த ஆறுதலின் செலவை நாங்கள் கொடுக்கவில்லை. மாமாவும் அவர் மகளும் கொடுத்தார்கள்.

பெரியவரின் இயந்திரம் இப்போது ஓடுகிறது. தேய்ந்த இடத்தில் இரும்பை நிரப்ப முடியாது என்பதால் தேயாத இடங்களையெல்லாம் அந்தத் தாழ்வுக்கு இறக்கினார். மேசை முன்பிருந்ததைவிட ஒரு மயிரளவு கீழே இருக்கிறது. அதில் செய்த துண்டு கருங்கல் மேடையில் ஆடவில்லை.

இந்த இதழ் அண்ணாவுக்கும் போகும். அவருக்கு முதலே தொலைபேசியில் சொன்னேன். கோபித்து வைத்துவிட்டார். மாமாவின் இலக்கத்தை அக்காவிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே முதல் நாள் மாலை ஆறரை. கடையில் சனம் கூடும் நேரம் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கடை பூட்டு.